வட்டமிட்டுக் காத்திருக்கும் வெடி

செஞ்சிக் கோட்டையை வளைத்துக்கொண்டு முகலாயத் தளபதி ஜுல்ஃபிகார் கான் ஏழு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்திருந்தார். 1690 செப்டம்பரில் வந்தவர் அவர். உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த மராத்திய அரசர் ராஜாராமைப் பிடிக்க வேண்டும் என்பது அவுரங்கசீப்பின் கட்டளை. கோட்டை விழுந்தது 1698 தொடக்கத்தில். அதற்குள் ராஜாராம் நழுவிப் போயிருந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே நடந்ததைப் போர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 1692 இறுதியில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் படையோடு வந்து, முற்றுகையிட்டவர்களையே முற்றுகையில் வைத்தார்கள். பாதுஷாவின் மகன் காம் பக்ஷ் கோட்டைக்குள் இருந்தவர்களோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று தெரிந்ததும், அவருடைய தளபதிகளே அவரைக் காவலில் வைத்தார்கள். ஒரு கட்டத்தில் ஜுல்ஃபிகார் கான் பேசி முடித்துக்கொண்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினார். வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்ற பேச்சு அவர் காலத்திலேயே இருந்தது. இருக்கலாம். அத்தனை நீண்ட காத்திருப்பில் பேரம், பயம், பசி, மனமாற்றம் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்துவிடுகிறது.

இந்த மூன்று குன்றுகளின் ஊரில் நின்றுகொண்டு காத்திருக்கும் ஆயுதம் ஒன்றை எடைபோடத் தோன்றியதற்கு இதுதான் காரணம். ஏவிய கையோடு இலக்கில் போய் விழாமல், வானத்தில் வட்டமடித்தபடி கீழே தேடி, வேண்டியது கண்ணில் பட்டதும் தன் உடம்போடு பாய்ந்து வெடிக்கிற சிறு விமானங்கள் இன்று ஒவ்வொரு படையிடமும் வந்து சேர்ந்துகொண்டிருக்கின்றன. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சிக்கு மூச்சு வாங்க ஏறி, குரங்குகளிடமிருந்து தண்ணீர் பாட்டிலைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்தால், பருந்துகள் நம் காலுக்குக் கீழே சுற்றுவதைப் பார்க்கலாம். இறக்கையை அசைக்காத அந்தச் சுற்று பருந்துக்கு யோசிக்கிற நேரம். இந்த ஆயுதத்தின் பெருமையாகச் சொல்லப்படுவதும் அதுவே: பீரங்கிக் குண்டுக்கு இல்லாத அவகாசம் இதற்கு உண்டு. அந்த அவகாசம் யாருடையது என்பதுதான் என் கேள்வி.

முதலில் பெயரைத் தீர்த்துக்கொள்வோம். நம் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் இதைத் 'தற்கொலை ட்ரோன்' என்கின்றன. பரபரப்புக்கு உதவும் பெயர்; ஆனால் பிழையான பெயர். செஞ்சிக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று இருக்கிறது. பாறை முகத்தில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் வரிசையாக அமர்ந்திருக்கும் அந்த இடத்தில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நினைவாக வெட்டிய மிகப் பழைய கல்வெட்டு ஒன்று உண்டு. தன் உயிரைத் தானே விடுவது என்றால் அதற்கு ஒரு 'தான்' வேண்டும். சந்திரநந்திக்கு அது இருந்தது. 2009 பிப்ரவரி 20 இரவு விடுதலைப் புலிகளின் இரண்டு சிறு விமானங்கள் கொழும்பு நோக்கிப் பறந்தன. ஒன்று இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் போய் மோதியது, மற்றொன்று கட்டுநாயக்கப் பக்கம் வீழ்த்தப்பட்டது. அவற்றை ஓட்டியவர்கள் மீது நமக்கு என்ன கருத்து இருந்தாலும், சாகப் போகிறோம் என்று தெரிந்து ஏறியவர்கள் அவர்கள். இயந்திரத்துக்கு அப்படி ஏதும் தெரியாது. அதைத் தற்கொலை என்று சொல்லும்போது, கிலோமீட்டர் கணக்கான தூரத்தில் திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர் வாக்கியத்திலிருந்தே காணாமல் போகிறார். கொல்பவரை மறைக்கும் சொல்லைத் திறனாய்வு ஏற்கக் கூடாது. 'வட்டமிடும் வெடி' என்றே நான் சொல்லப்போகிறேன். அழகான பெயர் இல்லை, ஆனாலும் இருப்பதைச் சொல்கிறது.

இதன் பிறப்பு வரலாற்றில் பலரும் கவனிக்காத ஒரு முரண் உண்டு. 1980களின் கடைசியில் இஸ்ரேல் வான்வெளித் தொழில் நிறுவனம் உருவாக்கிய ஹார்ப்பிதான் இந்த வகையின் முன்னோடி. எதிரியின் ரேடார் அலையை நுகர்ந்துகொண்டு அதன் மேலேயே விழுவது அதன் வேலை. ஏவிய பிறகு மனிதனுக்கு அதில் பங்கு இல்லை. அதாவது, வருங்காலத்தில் வரப்போகிறது என்று எல்லாரும் பயப்படுகிற 'தானே முடிவெடுக்கும்' வடிவம்தான் முதலில் பிறந்தது. பின்னால் வந்த ஹாரோப்பில்தான் கேமரா பொருத்தி, கீழே இருப்பவர் பார்த்து, 'அடி' என்றோ 'விடு' என்றோ சொல்லும் ஏற்பாடு வந்தது. ரேடாரை அணைத்துவிட்டால் ஹார்ப்பி ஏமாந்துபோகும்; அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மனிதக் கண்ணை உள்ளே கொண்டுவந்தார்கள். அறத்துக்காக இல்லை, திறமைக்காக. இந்தியா இரண்டையும் வாங்கியது.

இந்தியாவிலேயே செய்யப்பட்டதில் பெயர் பெற்றது நாகாஸ்திரா-1. நாக்பூரின் சோலார் இண்டஸ்ட்ரீஸ் குழுமத்தைச் சேர்ந்த எக்கனாமிக் எக்ஸ்ப்ளோசிவ்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. ராணுவம் கேட்டது 480. அதில் 120 2024 ஜூனில் ஒப்படைக்கப்பட்டன. எடை ஏறத்தாழ 9 கிலோ, ஒரு சிப்பாய் முதுகில் சுமந்துகொண்டு மலை ஏறலாம். ஒரு கிலோ வெடிமருந்து, அரை மணி நேரத்தை ஒட்டிய பறத்தல், கையால் வழிநடத்தினால் 15 கிலோமீட்டர், தானாகப் போனால் 30. இலக்கு கிடைக்காவிட்டாலோ மேலதிகாரி வேண்டாம் என்றாலோ திருப்பி அழைத்துப் பாராசூட்டில் இறக்கி மறுபடி பயன்படுத்தலாம். பெயர் வைத்தவர்கள் மகாபாரதத்தை எவ்வளவு நினைத்துப் பார்த்தார்களோ தெரியாது. கர்ணனின் நாகாஸ்திரம் விட்டால் விட்டதுதான். ஒருமுறைக்கு மேல் தொடுப்பதில்லை என்று தாய்க்குக் கொடுத்த வாக்கினால் அது வீணானது என்பது நம் கூத்து மேடைகளில் விடிய விடிய அழவைக்கும் கட்டம். நாக்பூர் நாகாஸ்திராவுக்கோ திரும்பி வருவதுதான் சிறப்பு. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் மறுபடி வருவேன்.

இனி எடைபோடுவோம். படைத்தொழில் நோக்கில் இது நல்ல ஆயுதமா?

நல்ல ஆயுதம்தான். 2020இல் நகோர்னோ-கராபாக்கில் 44 நாள் நடந்த போரில் அஜர்பைஜான் ஹாரோப்களையும் துருக்கியின் பைரக்தார் ட்ரோன்களையும் கொண்டு ஆர்மீனியாவின் வான்பாதுகாப்பைக் குலைத்தது. சோவியத் காலத்து ரேடார்களும் ஏவுகணை வண்டிகளும் வரிசையாக எரிவதை உலகமே காணொளியில் பார்த்தது. 2025 மே 8 அன்று, ஆபரேஷன் சிந்தூரின்போது, லாகூரில் ஒரு வான்பாதுகாப்பு அமைப்பைச் செயலிழக்கச் செய்ததாக இந்தியா அறிவித்தது. அதற்கு ஹாரோப் பயன்பட்டதாகச் செய்திகள் வந்தன. பாகிஸ்தானோ 25 ஹாரோப்களை வீழ்த்தியதாகச் சொன்னது. இரு தரப்புக் கணக்கையும் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் ஒன்று மிஞ்சுகிறது: விமானியை அனுப்பினால் திரும்பி வருவானா என்று யோசிக்க வேண்டிய இடத்துக்கு இதை அனுப்பலாம். ரேடார் என்பது நகர்த்தினால் நகரும், அணைத்தால் மறையும் பொருள். அதற்காக மேலே காத்திருக்கிற ஒன்றுதான் பொருத்தமான பதில்.

ஆனால் இதிலிருந்து 'போரின் முகமே மாறிவிட்டது' என்று தாவுகிறவர்களிடம் எனக்கு இரண்டு கேள்விகள் உண்டு. அதே கராபாக் போரை முடித்துவைத்தது எது? ஷுஷா என்கிற மலைக்கோட்டை நகரம். நவம்பர் மாத மூடுபனியில் ட்ரோன்களுக்குக் கண் தெரியவில்லை. அஜர்பைஜான் வீரர்கள் லேசான ஆயுதங்களோடு பாறைச் சரிவுகளில் கையூன்றி ஏறிப் போய்ப் பிடித்தார்கள். செஞ்சிக்காரர்களுக்கு இது புதுக்கதை இல்லை. ஜுல்ஃபிகார் கானை ஏழு ஆண்டு காக்கவைத்த இதே கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தார். பாறையும் மதிலும் அகழியும் அப்படியேதான் இருந்தன. உள்ளே இருந்தவர்கள்தான் அதற்கு முன்பே தோற்று, மனம் உடைந்திருந்தார்கள். ஆயுதத்தை மட்டும் பார்த்துப் போரைக் கணிப்பவர்கள் ஒருமுறை ராஜகிரிப் படிகளில் ஏறிப் பார்ப்பது நல்லது.

இரண்டாவது கேள்வி விலை பற்றியது. 2025 மே 8-9 இரவில் 36 இடங்களை நோக்கிப் பாகிஸ்தானிலிருந்து 300 முதல் 400 ட்ரோன்கள் வந்ததாக இந்தியத் தரப்பு சொன்னது. அவற்றில் பலவற்றை வீழ்த்தியவை எவை? ஆகாஷ் போன்ற ஏவுகணைகளோடு, எல்-70 பீரங்கிகளும் ஷில்கா பீரங்கி வண்டிகளும். எல்-70 ஸ்வீடன் நாட்டு போஃபர்ஸின் பழைய வடிவமைப்பு. ரேடாரும் கேமராவும் புதிதாகப் பொருத்தி உயிர் கொடுத்திருக்கிறார்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கி பேரன் காலத்து ட்ரோனைச் சுடுகிறது: மலிவான தாக்குதலுக்கு மலிவான பதில். ஆக, படைத்தொழில் என்ற தட்டில் என் தீர்ப்பு இது: ரேடார், பீரங்கி, ஏவுகணை வண்டி போன்ற குறிப்பிட்ட இலக்குகளுக்கு எதிராகச் சிறந்த கருவி, போரைத் தீர்த்துவைக்கும் கருவி என்பது விற்பனைப் பேச்சு.

அடுத்து 'துல்லியம்'. ஆதரவாளர்கள் மிகவும் நம்பிச் சொல்லும் வாதம் இதுதான். கேமராவில் பார்த்து அடிக்கிறோம், குறி இரண்டு மீட்டருக்குள் விழுகிறது, ஆகவே அப்பாவிகள் தப்புகிறார்கள் என்கிறார்கள். இதில் ஒரு தாவல் ஒளிந்திருக்கிறது. குறி தவறாமல் அடிப்பது வேறு, சரியானதைக் குறிவைப்பது வேறு. முதலாவதைப் பொறியாளர் சோதிக்கலாம். இரண்டாவது அரசும் தளபதியும் எடுக்கிற முடிவு.

இதைச் சொல்ல உக்ரைனுக்குப் போவதற்கு முன் இலங்கையின் வன்னிக்குப் போக வேண்டும். 2008-09இல் அங்கே வாழ்ந்தவர்கள் தலைக்கு மேல் ரீங்காரமிட்ட ஆளில்லா வேவு விமானத்தை 'வண்டு' என்றே சொன்னார்கள். வண்டு வந்தால் சிறிது நேரத்தில் எறிகணை வரும் என்பது அனுபவம். அது வெடிக்கும் ட்ரோன் அல்ல, பார்க்கும் ட்ரோன் மட்டுமே. ஆனாலும் நம் வாதத்துக்கு அதுதான் கூர்மையான சாட்சி. மேலிருந்து கண் இருந்தது. வன்னியில் இருந்த எல்லா மருத்துவமனைகளும் எறிகணையும் மோர்ட்டாரும் பட்டவை, சில பலமுறை. அவை எங்கே இருந்தன என்பது அரசுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது என்று ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு 2011இல் எழுதியது. பார்க்க முடிகிறவர் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கைக்கு நம் மொழி பேசுகிறவர்களிடமே பதில் இருக்கிறது.

உக்ரைனின் கெர்சோன் இதன் அடுத்த படி. ஆற்றின் அக்கரையிலிருந்து வரும் ரஷ்யச் சிறு ட்ரோன்கள் தெருவில் நடப்பவரையும் காரில் போகிறவரையும் தேடித் தாக்கின. இதை ஆராய்ந்த ஐ.நா. விசாரணை ஆணையம் 2025 மே மாதத்தில், இது மனிதகுலத்துக்கு எதிரான கொலைக் குற்றம் என்ற முடிவுக்கு வந்தது. குறி தவறிய கதை அல்ல இது. கேமராவில் தெளிவாகப் பார்த்து, குடிமக்கள் என்று தெரிந்தே அடித்த கதை. துல்லியம் இங்கே குற்றத்தின் கருவியாகவே வேலை செய்தது. மறுமுனையில், 2022 இலையுதிர் காலம் முதல் ரஷ்யா ஏவிவரும் ஈரானிய ஷாஹெத் வகை ட்ரோன்களில் பலவற்றுக்கு வட்டமிடும் வேலைகூட இல்லை. முன்னரே கொடுத்த இடக்குறிப்பில் போய் விழுகின்றன. அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று கீவ் நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு அப்படி இடிந்ததில், கருவுற்றிருந்த பெண்ணும் கணவனும் இறந்தவர்களுள் இருந்தார்கள். ஊடகங்கள் எல்லாவற்றையும் ஒரே பெயரில் போட்டுக் கட்டுவதால் ஒன்றின் நற்பெயர் மற்றதற்குப் போய்விடுகிறது, ஒன்றின் பழியும் அப்படியே. காத்திருக்கவே தெரியாத ஆயுதத்துக்குக் 'காத்திருந்து பார்த்து அடிப்பது' என்ற புகழைக் கொடுப்பது அநியாயம்.

மூன்றாவது, உயிர் மிச்சம். விமானி இல்லாத ஆயுதம் போரை எளிதாக்கிவிடுகிறது என்று எதிர்ப்பாளர்கள் சொல்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு அபிநந்தன் வர்த்தமான் ஞாபகம் வருகிறார். திருவண்ணாமலை மாவட்டத் திருப்பனமூரைப் பூர்வீகமாகக் கொண்ட தமிழ்ச் சமணக் குடும்பத்தைச் சேர்ந்த அந்த விமானியின் மிக்-21 2019 பிப்ரவரி 27 அன்று வீழ்த்தப்பட்டு, அவர் பாகிஸ்தானிடம் சிக்கினார். மார்ச் 1 இரவு வாகா வழியாகத் திரும்பினார். அந்த இரண்டு நாள்களில் இரு நாடுகளின் கவனமும் ஒரு மனிதனின் உடம்பின் மேல் குவிந்தது. அவரைத் திருப்பி அனுப்பியது, பின்வாங்குவதற்கு இரு பக்கமும் ஒரு கௌரவமான வாசலைத் திறந்தது. உடைந்து விழுந்த ட்ரோனை யாரும் வாகாவில் ஒப்படைக்கப் போவதில்லை.

நல்ல வாதம். அதை நம்பியே நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். ஆனால் எதிர்ச்சான்றும் அதே ஆண்டில் இருக்கிறது. 2019 ஜூனில் ஈரான் அமெரிக்காவின் பெரிய வேவு ட்ரோன் ஒன்றை வீழ்த்தியது. பதிலடி தயாராக இருந்தது. கடைசி நேரத்தில் டிரம்ப் நிறுத்தினார். ஆளில்லாத ட்ரோன் ஒன்றுக்காக நூற்றைம்பது பேரைக் கொல்வது பொருந்தாது என்பது அவர் சொன்ன காரணம். உள்ளே ஒரு விமானி இருந்திருந்தால் அந்த இரவு வேறு மாதிரி முடிந்திருக்கலாம். ஆக, ஆளில்லாமை போரைத் தூண்டவும் செய்யும், தணிக்கவும் செய்யும். விமானியின் உயிர் மிச்சமாவதை ஆயுதத்தின் குறையாக எழுதுவது நேர்மையும் இல்லை. அந்த விமானிக்கும் வீட்டில் ஒரு தாய் இருக்கிறாள். இந்தத் தட்டில் தராசு எந்தப் பக்கமும் தெளிவாகச் சாயவில்லை என்பதே என் முடிவு.

தெளிவாகச் சாய்வது வேறொன்றில்: இது எல்லார் கைக்கும் எட்டும் என்பதில். செஞ்சி–திருவண்ணாமலைச் சாலையில் நெல் வயல்களில் மருந்தடிக்கும் ட்ரோன்கள் இப்போது சாதாரணக் காட்சி. பத்து லிட்டர் மருந்தைத் தூக்கிக்கொண்டு ஓர் ஏக்கரைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறது. முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு சிறிய ட்ரோன் மாப்பிள்ளையைச் சுற்றுகிறது. மோட்டார், பேட்டரி, ஜிபிஎஸ், பறத்தலைச் சமன்செய்யும் சிறு மின்பலகை: நாகாஸ்திராவுக்குள் இருப்பவையும் இனத்தால் இவையே. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மாணவர்களின் தக்ஷா குழு, நடிகர் அஜித் குமாரை ஆலோசகராக வைத்துக்கொண்டு, மருத்துவ மாதிரிகளைத் தூக்கிவரும் ட்ரோனுக்காக 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த போட்டியில் இரண்டாம் இடம் வாங்கியது நமக்கெல்லாம் பெருமை. அதே அறிவு இன்னொரு கையில் என்ன ஆகும் என்பதை 2021 ஜூன் 27 காட்டியது. ஜம்மு விமானப்படைத் தளத்தின் மேல் சிறு ட்ரோன்கள் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயின. பீரங்கி வார்க்க ஓர் அரசு வேண்டியிருந்தது. இதற்கு ஒரு பட்டறை போதும்.

இப்போது ஆரம்பித்த கேள்விக்கு வருகிறேன். காத்திருக்கும் அந்த நேரம் யாருடையது?

ஹாரோப்பிலும் நாகாஸ்திராவிலும் பெரும்பாலும் அது மனிதனுடையது. ஆயுதத்தின் ஒரே அறச் சிறப்பு அதுதான் என்பது என் கட்சி. ஆனால் மனிதனையும் ஆயுதத்தையும் இணைக்கும் வானலையை எதிரியின் ஜாமர் அறுக்கிறது. உக்ரைனில் இரு தரப்பும் இதற்கு இரண்டு மருந்துகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்று, ட்ரோனே இலக்கை அடையாளம் கண்டு கடைசிப் பாய்ச்சலைத் தானே செய்வது. மற்றொன்று மிகவும் எளியது: மயிரிழை போன்ற கண்ணாடி இழைக் கம்பியைப் பட்டத்து நூல்போல விட்டுக்கொண்டே பறப்பது. பத்துக் கிலோமீட்டருக்கு மேலும் கம்பி நீள்கிறது. ஜாமரால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. இந்த முனையில் மனிதன் இருக்கிறான். முடிவெடுக்கும் உரிமையை இயந்திரத்திடம் கொடுப்பது தவிர்க்க முடியாத பரிணாமம் என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் கம்பி நல்ல பதில். வழி இரண்டு இருக்கிறது. எதை எடுப்பது என்பது நம் தேர்வு.

எதிர்க்கேள்வி எனக்குக் கேட்கிறது. கம்பி நூறு கிலோமீட்டர் நீளாது. தொடர்பு அறுந்தால் திரும்பிவிடும் ஆயுதத்தை எதிரி ஜாமர் போட்டே விரட்டிவிட மாட்டானா? விரட்டுவான். சில ட்ரோன்கள் வீணாகும். ஆனால் இவை மலிவானவை, போனால் போகட்டும் என்று சொல்லித்தானே இவற்றை விற்றார்கள்? மலிவு என்ற வாதத்தை வாங்கும்போது ஒரு மாதிரியும் இழக்கும்போது வேறு மாதிரியும் பேசக் கூடாது. ஹார்ப்பியை என்ன செய்வது என்றும் கேட்கலாம். அது பிறவியிலேயே தானியங்கி. அதை நான் விலக்காக ஏற்கிறேன். ராணுவ ரேடாரின் அலை மனித முகத்தைப் போல ஐயத்துக்கு இடம் தருவதில்லை. ரேடார் அலையிலிருந்து 'ஆயுதம் ஏந்தியவர்போலத் தெரிகிறவர்' என்ற உருவத்துக்கு நகரும் நொடியில் அந்த விலக்கு முடிந்துவிடுகிறது. லிபியாவில் 2020இல் துருக்கியின் கார்கு-2 அப்படிச் செயல்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு எழுதியதும் உலகம் பதறியதற்குக் காரணம் இந்த நகர்வுதான்; யாராவது அதில் இறந்தார்களா என்று அந்த அறிக்கை தெளிவாகச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே இந்திய அரசின் நிலைப்பாட்டை நான் ஏற்கவில்லை. 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தானியங்கி ஆயுதங்கள் பற்றிய முதல் தீர்மானத்தை நிறைவேற்றியது. 152 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை நான்கு: ரஷ்யா, பெலாரஸ், மாலி, இந்தியா. ஜெனிவாவில் இதற்கென்று ஏற்கெனவே ஒரு மேடை இருக்கிறது, பெரிய ராணுவ நாடுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன, இன்னொரு மேடை எதற்கு என்பது டெல்லியின் வாதம். வெற்று வாதம் இல்லை; அந்த ஜெனிவாக் குழுவுக்கு 2017இலும் 2018இலும் தலைமை வகித்ததே இந்தியாதான், விஷயம் தெரிந்துதான் பேசுகிறார்கள். ஆனால் ஜெனிவாவில் எல்லாரும் ஒப்பினால்தான் எதுவும் நகரும். ஒருவர் தலையை ஆட்டாவிட்டால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஜுல்ஃபிகார் கானின் முற்றுகையே தேவலை. தீர்மானமும் எதையும் தடைசெய்யவில்லை, நாடுகளின் கருத்தைக் கேட்டு அறிக்கை தரச் சொன்னது, அவ்வளவுதான். அதற்கே எதிர் வாக்குப் போட்டது, கையைக் கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்வதாகவே படுகிறது. சிறு ட்ரோன்கள் ஜம்முவின் மேல் பறந்து வந்ததைக் கண்ட நாடு, விதிகள் தனக்கும் பாதுகாப்பு என்று கணக்கிட்டிருக்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இதில் என்ன? நிறையவே. சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து முனைகளை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வந்திருக்கிறது. 2022இல் மாநில அரசு வெளியிட்ட வான்வெளி, பாதுகாப்புத் தொழில் கொள்கை பத்தாண்டில் 75,000 கோடி ரூபாய் முதலீட்டையும் ஒரு லட்சம் வேலையையும் இலக்காகச் சொன்னது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் ஆளில்லா வான்கலங்களுக்கான சோதனை மையத்துக்கு மாநில அரசின் டிட்கோ நிறுவனம் வழியாக ஏற்பாடு நடந்தது. இவற்றைப் பற்றிய பேச்செல்லாம் முதலீடு, வேலை என்ற இரண்டு சொல்லுக்குள்ளேயே சுற்றுகிறது. வேலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வட்டமிடும் வெடியை இந்தியா செய்யவே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் வைத்திருக்கும்போது அது வெறும் வசனம். ரேடாருக்கும் பீரங்கிக்கும் எதிராக, மனிதன் பார்த்து, மனிதன் சொல்லி அடிக்கிற வெடியாக இருக்கும்வரை இதை ஏற்கலாம். சாதாரணக் குண்டைவிட மேலானது என்றுகூடச் சொல்லலாம். மனிதரைத் தேடிப் பிடித்துத் தானே முடிவுசெய்யும் வடிவத்தை ஏற்க முடியாது. அதை இங்கே செய்யவும் கூடாது, விற்கவும் கூடாது. எந்த வகை எது என்று பிரித்தறிய ஒரு கேள்வி போதும். ஒவ்வொரு மாதிரியையும் சோதிக்கும்போது முதல் வரியில் அது இருக்க வேண்டும்: தொடர்பு அறுந்தால் இது என்ன செய்யும்?

அந்தக் கேள்வியை நான் கற்றுக்கொண்டது எந்த ராணுவக் கையேட்டிலிருந்தும் இல்லை. செஞ்சியிலிருந்து திரும்பும் வழியில், வரப்போரம் மருந்து ட்ரோனைக் கழுவிக்கொண்டிருந்த பையனிடம் பேச்சுக்குக் கேட்டதுதான்.

"சிக்னல் போச்சுன்னா அது பாட்டுக்குத் திரும்பி வந்து, கெளம்பின எடத்துலயே எறங்கிடும் சார்" என்றான், இதைப் போய்க் கேட்கிறாரே என்பதுபோல. "நாமதான் கொஞ்சம் தள்ளி நின்னுக்கணும்."